பதின்மூன்று காலிக் கட்டங்கள்

விடுதி, அறை எண் 9
ஜனவரி 11

அம்மா,

பயிற்சி மையத்துக்கு வந்து பத்து நாள் ஆகிறது. வாசலிலேயே போனை வாங்கி, பேர் எழுதின கவரில் போட்டு, வார்டன் அக்கா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். தேர்வு முடிகிறவரை கிடையாது. "வீட்டுக்கு ஏதாவது சொல்லணும்னா கடுதாசி எழுது. உங்கம்மா வக்கீல் ஆபீஸ்லதானே இருக்காங்க, படிக்கத் தெரியும்ல?" என்றார். சிரிக்கவேண்டிய இடம் போலிருந்தது, சிரித்தேன்.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு மூன்றாவது முறையாக வந்திருப்பவள் இங்கே நான் ஒருத்திதான். மூன்றுக்கு மேல் எழுத முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் என்னை 'சீனியர்' என்று கூப்பிடுகிறார்கள். கூட இருக்கிறவளுக்கு நான் 'கடிகாரம்' என்று பேர் வைத்திருக்கிறேன். ஒரு கேள்விக்கு எழுபது வினாடி என்று மேசையில் கடிகாரத்தை நிறுத்திவைத்துப் படிக்கிறாள். பல் தேய்க்கும்போதும் ஒரு கண் அதன்மேல்தான்.

பச்சை அட்டைப் புத்தகத்தின் கடைசியில் இருக்கிற மாதிரித் தேர்வை வைத்தார்கள். 150க்கு 112. நல்ல முன்னேற்றம் என்று சார் சொன்னார்.

முடித்த புத்தகங்கள் மூன்றைக் கடிகாரத்தின் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பென்சிலில்தான் குறித்திருக்கிறேன். அழித்துக் கொடுத்தால் பழைய புத்தகக் கடையில் எடுத்துக்கொள்வார்கள். இன்னொரு போர்வை அனுப்பு. இங்கே கொடுத்தது முழங்கால் வரைக்கும்தான் வருகிறது.

உன் மகள்


ஆபீஸ், மதிய இடைவேளை
ஜனவரி 19

மகளுக்கு,

போர்வை அனுப்பியிருக்கிறேன். புத்தகங்கள் வந்தன.

ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாக எந்தத் தாளையும் படிக்காமல் நான் கிழித்ததில்லை, அழித்ததில்லை. மாதிரித் தேர்வின் விடைகள் பின்னட்டைக்கு முந்தின பக்கத்தில் இருக்கின்றன. கூட்டினேன், இரண்டு முறை. 84 வருகிறது. 112 எங்கிருந்து வந்தது என்று எழுது.

பொய் சொன்னதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. கட்சிக்காரர்கள் தினமும் சொல்கிறார்கள். சரிபார்க்கக்கூடிய பொய்யைச் சொல்லி, சரிபார்க்கிற தாளையும் கூடவே கட்டி அனுப்பியிருக்கிறாயே, அதுதான் கவலையாக இருக்கிறது. வக்கீலாக ஆசைப்படுகிறவள்.

உன் தப்புகள் எல்லாம் ஒரே ரகம். 41ஆம் கேள்வியில் ஒரு வீட்டுக்காரரும் ஒரு குடித்தனக்காரரும் வருகிறார்கள். கொடுத்திருக்கிற வரிகளின்படி வீட்டுக்காரர் பக்கம்தான் விடை. நீ குடித்தனக்காரர் பக்கம் போட்டிருக்கிறாய். 58இல் விதவை, 77இல் வேலை போனவர். உனக்குப் பாவமாக இருப்பவர் ஜெயிக்கவேண்டும். அதற்கு யாரும் மதிப்பெண் கொடுப்பதில்லை.

அழித்த பிறகு பக்கங்கள் சும்மா கிடந்தன. சாப்பிட்டுக்கொண்டே நானும் போட்டுப் பார்த்தேன்.

அம்மா


அறை எண் 9
ஜனவரி 27

அம்மா,

போட்டுப் பார்த்தாயா? எத்தனை வந்தது? அதை மட்டும் எழுதவில்லை. நீ எதை எழுதாமல் விடுகிறாயோ அதுதான் விஷயம் என்பது எனக்குத் தெரியாதா?

112 எங்கிருந்து வந்தது என்றால், உன்னிடமிருந்துதான் வந்தது. 84 என்று எழுதினால் என்ன பதில் வரும் என்று யோசித்தேன். அந்தப் பதில் இல்லாமல் ஒரு வாரம் இருக்கலாமே என்று 112 போட்டேன். ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது.

அப்பா வீட்டை விட்டுப் போன அன்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? "உங்கூட குடித்தனம் பண்றதும் கூண்டுல நின்னு சாட்சி சொல்றதும் ஒண்ணுதான். கூண்டுல நின்னாலாவது சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க." எனக்கு அப்போது பதினொரு வயது. சிரிப்பு வந்தது. உன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். இங்கே உன் முகம் இல்லை, வசதியாக இருக்கிறது.

இன்னும் இரண்டு புத்தகம் அனுப்புகிறேன். இந்த முறை நானே அழித்துவிட்டேன்.


ஆபீஸ்
பிப்ரவரி 8

மகளுக்கு,

நன்றாகத்தான் அழித்திருக்கிறாய். ஆனால் நீ அழுத்தி எழுதுகிறவள். தாளைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் பள்ளம் தெரிகிறது. முதல் புத்தகத்தில் 88, இரண்டாவதில் 91. ஏறுகிறது, நல்லது.

என்னுடையதைக் கேட்டாய். 121.

ரெக்கார்டு அறையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்ததை வக்கீல் பார்த்துவிட்டார். "என்னம்மா, பொண்ணு படிக்கிறாளா, நீங்க படிக்கிறீங்களா?" என்றார். விடைத்தாளை எடுத்துப் பார்த்தார். "இந்த வருஷத்துலேர்ந்து வயசு வரம்பு கிடையாதுன்னுட்டாங்க, தெரியுமா? பேசாம நீங்களே எழுதுங்க. ஆனா நீங்க கறுப்புக் கோட்டு மாட்டிட்டா, நான் இத்தனை வருஷமா கையெழுத்து மட்டும்தான் போட்டுட்டிருந்தேன்னு ஊருக்குத் தெரிஞ்சு போயிடும்." ஜூனியர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிக்கிற வரை காத்திருந்து, தேர்வு அன்று பாதி நாள் விடுப்பு கிடைக்குமா என்று கேட்டேன். அப்புறம் அவரும் சிரிக்கவில்லை.

அங்கே உனக்குக் கணினி கொடுக்கமாட்டார்கள் என்பதால் உன் விண்ணப்பத்தை நானே நிரப்பி அனுப்பிவிட்டேன். ஊருக்கெல்லாம் நிரப்புகிறேன், உனக்கு மாட்டேனா? உன் கையெழுத்து போன வருஷம் ஸ்கேன் செய்தது இருந்தது. உன்னுடையதை முடித்த பிறகு இன்னொன்றும் நிரப்பினேன், என் பெயரில்.

அம்மா


அறை எண் 9
பிப்ரவரி 16

அம்மா,

வார்டன் அக்கா கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார். சாப்பாட்டு அறையில், என் தட்டில் போட்டுக்கொண்டே, "ஏண்டி சீனியர், உங்கம்மாவும் எழுதறாங்களாமே? ரெண்டு பேருக்கும் ஒரே பெஞ்சா? டிபன் பாக்ஸ் ஒண்ணே போதும்னு சொல்லு" என்றார். நாற்பது பேர் சிரித்தார்கள். கடிகாரம்கூடப் படிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அவள் எதற்கும் நிறுத்தாதவள்.

எழுதாதே அம்மா.

இதைக் கோபமாக எழுதவில்லை. மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன். உனக்கு அந்த ஆபீஸ் இருக்கிறது. உன் கண்ணில் படாமல் அங்கேயிருந்து ஒரு பிராது வெளியே போவதில்லை. வக்கீலுக்கே உன்னைப் பார்த்தால் பயம். எனக்கு இருபத்து நான்கு வயதாகிறது, எனக்கென்று இருப்பது இந்தத் தேர்வு ஒன்றுதான். அதில் இரண்டு முறை தோற்றிருக்கிறேன், இருந்தாலும் அது என்னுடையது. நீயும் வந்து உட்கார்ந்தால் நான் ஜெயித்தாலும் பாதிதான், தோற்றால்... அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வேறு எது வேண்டுமானாலும் படி. இதை என்னிடம் விட்டுவிடு.


ஆபீஸ்
மார்ச் 2

மகளுக்கு,

எனக்கும் இருபத்து நான்கு வயதில் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஜூலை ஒன்றாம் தேதி சேரவேண்டும். நீ பிறந்தது ஜூன் இருபத்தாறு. உன்னால்தான் என் படிப்பு போனது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. தேதிகளைத்தான் சொல்கிறேன்.

எழுதுவேன். நம்மூர்க் கல்லூரியில் அறுபது இடம் இருக்கிறது. நாம் இரண்டு பேர் போக ஐம்பத்தெட்டு மிச்சம். நீ படிக்கிற நேரத்தில் இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதாதே.

அம்மா


அறை எண் 9
மே 6

அம்மா,

தேர்வு அன்று நீ என்னைப் பார்க்கவில்லை. மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாய். கண்காணிப்பாளர் உன்னிடம் வந்து, "பேரன்ட்ஸெல்லாம் வெளிய இருக்கணும்மா" என்றார். நீ நுழைவுச் சீட்டை எடுத்துக் காட்டினாய். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் குனிந்துகொண்டேன். இருபது நிமிஷம் மிச்சம் இருக்கும்போதே பேனாவை மூடிவைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த இருபது நிமிஷமும் நான் உன் முதுகைத்தான் பார்த்தேன். ஒன்பது கேள்வி விட்டுப்போயிற்று.

ஊருக்கு வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வகுப்பு தொடங்குகிறது, விடைத்தாள் திருத்த ஆள் வேண்டுமாம். சாப்பாடும் கட்டிலும் தருகிறார்கள். போன் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் எழுத்திலேயே இருக்கட்டும். பேசினால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ முடித்துவிடுவாய்.


ஆபீஸ்
ஜூன் 10

மகளுக்கு,

முடிவு பார்த்திருப்பாய். நான் 118, நீ 97. நீ எழுதியதிலேயே இதுதான் அதிகம். பாராட்டு.

கல்லூரிப் பலகையில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு 41ஆவது இடம். உனக்குக் காத்திருப்புப் பட்டியலில் நான்கு. வெளியூர் போகிறவர்கள், வேலை கிடைத்தவர்கள் என்று வருஷாவருஷம் சிலர் விலகுவார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நான்கு பேர் விலகினால் போதும். தினமும் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் ஆபீஸ் போகிறேன்.

என் முதுகைப் பார்க்கச் சொல்லி கேள்வித்தாளில் போட்டிருக்கவில்லை.

அம்மா


விடுதி
ஜூன் 18

அம்மாவுக்கு,

கடிகாரம் 91 வாங்கினாள். என்னைவிட ஆறு குறைவு. அவளுக்கு மலையடிவாரக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, நேற்று பெட்டி கட்டினாள். "உனக்கு ஏண்டி வரல? நீ அங்க போடலியா?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. சாரிடம் போனேன். அவர் கணினியில் என் விண்ணப்பத்தைத் திறந்தார்.

ஏழாம் பத்தி, கல்லூரி விருப்ப வரிசை. பதினான்கு கட்டம். முதல் கட்டத்தில் நம்மூர்க் கல்லூரி. மற்ற பதின்மூன்றும் காலி.

சார் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரும்மா இதை ஃபில் பண்ணது? 97க்கு அஞ்சு காலேஜ்ல கண்ணை மூடிட்டுக் கொடுத்திருப்பாங்களே" என்றார். இனிமேல் எதையும் சேர்க்க முடியாதாம்.

ஏன் என்று நீங்கள் எழுதவேண்டும்.


ஆபீஸ்
ஜூன் 24

மகளுக்கு,

'நீங்கள்' போட்டிருக்கிறாய். கட்சிக்காரர்கள் வக்கீலை மாற்றுவதற்கு முந்தின வாரம் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

என் தப்புதான். காரணம் கேட்டதால் எழுதுகிறேன், சமாதானம் சொல்வதற்காக இல்லை.

இந்த ஆபீஸில் ஒரு வழக்கம். பிராதின் கடைசியில் கோர்ட்டிடம் என்ன வேண்டும் என்று எழுதும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்போம். வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவேண்டுமானால் அதோடு நிறுத்தவேண்டும். 'இல்லாவிட்டால் நஷ்ட ஈடாவது' என்று அடுத்த வரி டைப் அடித்தால், நீதிபதி சுலபமானதைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வக்கீல் சொன்னது. இத்தனை வருஷமாக அப்படித்தான் அடிக்கிறேன். பதினான்கு கட்டங்களைப் பார்த்ததும் கை முதல் கட்டத்தோடு நின்றுவிட்டது. இரண்டாவதை எழுதினால் அதைக் கொடுத்து உன்னை வெளியூருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

கணினி அப்படிப் பார்ப்பதில்லை. முதலாவது கிடைக்காவிட்டால்தான் இரண்டாவதற்குப் போகிறது. விண்ணப்ப விளக்கக் கையேட்டில் ஆறாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. நேற்றுதான் படித்தேன்.

என் விண்ணப்பத்திலும் ஒரே கல்லூரிதான். ஆனால் வேண்டுமென்றே செய்ததாக நீ நினைத்தால், இல்லை என்று காட்ட என்னிடம் சாட்சி கிடையாது.

பட்டியலில் மூன்று பேர் விலகிவிட்டார்கள். நீ இப்போது காத்திருப்பில் முதல் ஆள். சேருவதற்குக் கடைசி நாள் ஜூலை 3, மாலை ஐந்து மணி. இன்னும் ஒருவர் விலகவேண்டும்.

அம்மா


விடுதி
ஜூன் 27

அம்மா,

அந்த ஒருவர் யார் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வரியை எழுதி நிறுத்தியிருக்கிறாய்.

உனக்கு இன்னும் இரண்டு முறை இருக்கிறது. அடுத்த வருஷம் எழுதினாலும் 118 வாங்குவாய், 130கூட வாங்குவாய். எனக்கு இனி கிடையாது. நான் தோற்றுப்போய் வெளியே நிற்கவில்லை அம்மா. ஐந்து கல்லூரிக்குப் போதுமான மார்க் வாங்கிக்கொண்டு நிற்கிறேன்.

உன்னைப் பற்றி அப்பா சொன்னதை எழுதினேன், அது என் தப்பு. 112 என்று எழுதியதும் தப்பு. வேறு என்ன ஒத்துக்கொள்ளவேண்டும் என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். காலில் விழவேண்டுமென்றால் பஸ் பிடித்து வந்து விழுகிறேன். ஒரு வருஷம்தான் கேட்கிறேன். விலகிக்கொள்.


ஆபீஸ்
ஜூலை 4

மகளுக்கு,

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

விலகல் கடிதத்தை முந்தின நாளே டைப் அடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பையில் இருந்தது. காலை பத்து மணிக்கு வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த பையனுக்கு உன் வயதுதான் இருக்கும். "பொண்ணு வரலையாம்மா? ஸ்டூடண்ட்தான் கையெழுத்து போடணும்" என்றான். "ஸ்டூடண்ட் நான்தான்" என்றேன். ஹால் டிக்கெட்டைப் பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஸாரி மேடம்" என்று சொல்லிவிட்டு ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினான். நாற்பத்தொன்றாவது வரியில் என் பெயர் அச்சாகியிருந்தது. முழுப்பெயர், உன் அப்பாவின் பெயர் ஒட்டாமல்.

கையெழுத்து போட்டேன். அப்போது மணி பதினொன்றேகால்.

போட்ட பிறகும் விலகலாம், ஐந்து மணிவரை. சாக்கு ஒன்றும் சொல்லமாட்டேன்: மறந்துவிடவில்லை, மயக்கம் வரவில்லை. கவுண்டருக்கு எதிரே வராந்தாவில் ஒரு பெஞ்சு இருக்கிறது. பதினொன்றேகாலிலிருந்து அதில்தான் உட்கார்ந்திருந்தேன். சாப்பிடவில்லை. பையை மடியில் வைத்திருந்தேன், திறக்கவில்லை. உன் முகம் ஞாபகம் வந்தது, பல தடவை. அப்போதெல்லாம் கவுண்டரில் கூட்டமாக இருக்கிறது, குறையட்டும் என்று நினைத்தேன். நான்கரைக்குக் கூட்டமே இல்லை. அந்தப் பையன் என்னைப் பார்த்து, "ஏதாவது வேணுமா மேடம்?" என்றான். ஒன்றும் வேண்டாம் என்றேன். ஐந்து மணிக்கு ஷட்டரை இறக்கினார்கள். எழுந்து வீட்டுக்கு வந்தேன்.

காரணம் கேட்பாய். இடம் தேர்வினால் கிடைப்பது. தேர்வை நான் எழுதி என் இடத்தை வாங்கினேன். நான் செய்த தப்பு உன் விண்ணப்பத்தில் நடந்தது, என் விடைத்தாளில் அல்ல. உன் விண்ணப்பம் எப்படி இருந்திருந்தாலும் என் இடம் எனக்குத்தான் வந்திருக்கும். ஆகவே அந்தத் தப்புக்காக இந்த இடத்தை விட்டுத்தர நான் கடமைப்பட்டவள் அல்ல.

ஆபீஸில் காலை நேரத்துக்கு என் நாற்காலி காலியாகிறது. வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன். உனக்கு டைப்பிங் தெரியும். அவர் சரி என்றார். யோசித்து எழுது.

அம்மா


விடுதி
ஜூலை 15

அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வார்டன் அக்கா பிரித்திருந்தார், ஆனால் இந்த முறை சாப்பாட்டு அறையில் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கரண்டி அதிகமாகப் போட்டார். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

நாற்காலி வேண்டாம். இங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்கிறேன் என்று சார் சொல்லிவிட்டார். திருத்துவதோடு இனி கேள்வியும் தயாரிக்கவேண்டும். வீட்டில் இருக்கிற என் துணிகளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

முதல் கேள்வியை நேற்று தயாரித்தேன். உங்கள் கடிதத்திலிருந்து அந்தக் கடைசிக்கு முந்தின பத்தியை எடுத்துக்கொண்டேன். அம்மா, மகள் என்று எங்கேயும் வராதபடி 'க', 'ச' என்று மாற்றினேன். கொடுக்கப்பட்ட கூற்றுகளிலிருந்து இந்த முடிவு பெறப்படுமா, பெறப்படாதா? எழுபது வினாடி. சார் படித்துப் பார்த்துவிட்டு, "அருமையா இருக்கே, எங்கேருந்து புடிச்ச?" என்றார். பெறப்படும் என்பதுதான் விடை என்று குறித்துக் கொடுத்தார்.

இன்று காலை வகுப்பில் வைத்தோம். நான் எழுதவேண்டிய அவசியமில்லை, இனி எதற்கும் எழுதப்போவதுமில்லை. இருந்தாலும் மிச்சமிருந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முப்பத்தொரு பேரும் 'பெறப்படும்' என்று போட்டார்கள். நான் மட்டும் 'பெறப்படாது' என்று போட்டேன்.

மத்தியானம் விடைத்தாள் கட்டை எடுத்துத் திருத்தினேன். என் தாள் கடைசியில் வந்தது. அதற்கும் சிவப்பு மையில் தப்புப் போட்டேன்.